ஒட்டுக்குக் கீழே

விஜயதசமி அன்று காலை ஏழரை மணிக்கு என் மனைவியின் ரோஜாச் செடிகளுக்குக் குறுக்கே நூல் கட்டினேன். காம்பவுண்டு சுவரோரம் வரிசையாகப் பதினொரு செடிகள். இந்தக் கோடியில் ஒரு குச்சி, அந்தக் கோடியில் ஒரு குச்சி, நடுவில் தரையிலிருந்து சரியாக ஒன்பது அங்குல உயரத்தில் வெள்ளை நூல். மட்டம் சரியாக இருக்கிறதா என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். முப்பத்து நான்கு வருஷம் நில அளவைத் துறையில் கோலாரிலிருந்து பெல்லாரி வரை சங்கிலி பிடித்தவன். நூல் போடாமல் எனக்கு எதுவும் கண்ணில் படாது. பிறகு பாமாவின் கத்தரியை எடுத்தேன். முதல் நாள் ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்ததும் நான்தான். விஜயதசமியில் தொடங்கிய வித்தை கைகூடும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் சந்தேகித்ததில்லை. குழந்தைகளை அன்றுதான் அரிசியில் எழுத வைப்போம். நான் எழுபத்திரண்டு வயதில் செடி வெட்டக் கற்றுக்கொள்ள அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன்.

வித்தை என்றால் குரு வேண்டுமே. போனில் ஒரு வீடியோவில் வந்த தொப்பிக்காரர்தான் எனக்குக் குரு. ஹிந்தியில் பேசினார், பாதி புரிந்தது. கை நடுங்க வேண்டாம், தைரியமாக வெட்டுங்கள், ரோஜா சாகாது என்றார். அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் அதையே நாலைந்து தடவை போட்டுக் கேட்டேன். ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டாக்டர் என்னிடமும் என் மகள் நிருபமாவிடமும் வேறு மாதிரிச் சொல்லியிருந்தார். பாமாவுக்குச் சினைப்பையில் ஆரம்பித்தது ஈரலுக்கு ஏறிவிட்டது, இனிமேல் கீமோ கொடுப்பதில் அர்த்தமில்லை, இந்தக் காய்ச்சல் இறங்கியதும் வீட்டுக்கு அழைத்துப்போய் வலி தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எத்தனை நாள் என்று நிருபமாதான் கேட்டாள். சங்கராந்தி வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குள் போய்விட்டார்.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது நிருபமா கண்ணைத் துடைத்துக்கொண்டு திட்டம் போட்டாள். ஆபீசில் இருபது பேரை மேய்க்கிறவள், அவளுக்கு அழுவதற்குக்கூட ஒரு ஒழுங்கு உண்டு.

"அப்பா, அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லப்போறதில்ல. கீமோ முடிஞ்சுடுத்து, இனிமே மாத்திரைதான்னு சொல்லிடலாம். நீ மட்டும் வாயைத் திறக்காதே."

நான் சரி என்றேன். எங்கள் குடும்பத்தில் சாகப்போகிறவரிடம் சாகப்போகிறாய் என்று யாரும் சொன்னதே கிடையாது. என் அப்பா, என் அண்ணா, இரண்டு பேரும் அடுத்த வாரம் எழுந்து நடக்கப்போகிறோம் என்ற நினைப்பிலேயே போனார்கள். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம். அதற்கு அன்பு என்று பேர் வைத்திருந்தோம். பாமாவிடமும் அதையே செய்வதில் எனக்கு அப்போது ஒரு தப்பும் தெரியவில்லை. ஆனால் கட்டில் பக்கத்து ஸ்டூலில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. எழுந்து எழுந்து வராந்தாவுக்குப் போனேன். அக்டோபர் முதல் வாரத்தில் ரோஜாவை வெட்டினால்தான் மார்கழியில் பூக்கும் என்று வருஷா வருஷம் அவள் சொல்வது ஞாபகம் வந்தது. கைக்கு ஒரு வேலை கிடைத்தது என்று சந்தோஷமாக வீட்டுக்கு ஓடி வந்தேன். அவளோ முந்தின நாள்தான், "செடியை யாரையும் தொட விடாதேங்கோ, நான் வந்து பண்ணிக்கறேன்" என்று சொல்லியிருந்தாள். அந்த யாரையும் என்பதில் நானும் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பத்துச் செடிகள் நல்லபடியாக முடிந்தன. பதினொன்றாவது செடிதான் பியாட்ரிஸ். அந்தப் பேரில்தான் அதைக் கூப்பிடுவோம். காக்ஸ் டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் பாமா உயிரியல் எடுத்தபோது பியாட்ரிஸ் அங்கே கணக்கு டீச்சர். அவர் வீட்டு வாசலில் ஒரு பழைய ரோஜா உண்டு. காபியில் பால் தூக்கலாக விழுந்த மாதிரி ஒரு நிறம், அதில் ஓரத்தில் மட்டும் லேசாகச் சிவப்பு. லால்பாக் கண்காட்சிக்கு வந்த நர்சரிக்காரர்கள்கூட அதற்குப் பேர் சொல்ல முடியாமல் கையை விரித்தார்கள். பியாட்ரிஸ் காலமான பிறகு அவர் அண்ணன் மகன் லாயிட் வீட்டை விற்றான். இடிக்கிற மெஷின் வருவதற்கு முதல் நாள் பாமா ஆட்டோவில் போய் நாலு குச்சி வெட்டி, ஈரப் பேப்பரில் சுற்றி எடுத்து வந்தாள். வேரோடு நின்ற ஒரு காட்டு ரோஜாவின் தண்டில் அதன் கண்ணை, துளிர் விடுகிற புடைப்பை, எடுத்துவைத்து ஒட்டினாள். முதல் கண் மழையில் அழுகிற்று. இரண்டாவது காய்ந்தது. மூன்றாவதை இன்னும் மேலே, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வைத்தாள், பிடித்துக்கொண்டது. ஒட்டின இடத்தில் தண்டு முட்டி மாதிரி வீங்கியிருக்கும். இந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியும். சாப்பிடும்போது சொல்லுவாள், நான் பேப்பர் பார்த்துக்கொண்டு ம் கொட்டுவேன். அந்த முட்டிதான் அந்த ஒட்டு என்பது மட்டும் தெரியாது. ஏதோ நோய் பிடித்த கட்டி என்று நினைத்தேன். நூல் அதற்கு மூன்று அங்குலம் கீழே போனது. நல்லதாகப் போயிற்று, கட்டியும் சேர்ந்து போகட்டும் என்று வெட்டினேன்.

வெட்டின குச்சிகளில் முள் நிறைய இருந்தது. குப்பை வண்டியில் போட மனசில்லை. துளசி, செவ்வந்தித் தொட்டிகளில் புறா வந்து கிளறுகிறதே என்று நல்ல முள்ளாகப் பார்த்துச் சுற்றிலும் குத்திவைத்தேன். பியாட்ரிஸின் குச்சிகளில்தான் முள் அதிகம். அவற்றை வாசல் பக்கத்துத் தொட்டியில் குத்தினேன். பிறகு நூலை அவிழ்த்துச் சுருட்டிவைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே போய் நின்று வரிசையைப் பார்த்தேன். பதினொன்றும் ஒரே மட்டம். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒரு வாரம் கழித்து பாமா வந்தாள். மாடி ஏற முடியாது என்பதால் ஹாலில் ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தோம். தலையணையில் சாய்ந்தால் சுவரோரச் செடிகள் தெரியும். உட்காரவைத்ததும் வெளியே பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து, இருமி, நிருபமா தண்ணீர் கொடுக்கும் அளவுக்குச் சிரித்தாள்.

"என்னன்னா இது, ரிபப்ளிக் டே பரேடா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை என்றதும் மனசு லேசாகிவிட்டது. அப்புறம் அவள் கண் வரிசையின் கடைசிக்குப் போயிற்று.

"பியாட்ரிஸை எங்க வெட்டினேள்?"

"எல்லாம் ஒரே மட்டம்தான்."

"ஒட்டுக்கு மேலதானே?"

"ஆமா" என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பின்பக்கம் போய் போனை எடுத்து ஒட்டு என்றால் என்ன என்று தேடினேன். படம் வந்தது. தண்டில் ஒரு முட்டி, அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம். அதற்கு மேலே இருப்பதுதான் உங்கள் ரோஜா, கீழே இருப்பது வெறும் வேர்ச் செடி, ஒருபோதும் இதற்குக் கீழே வெட்டாதீர்கள் என்று போட்டிருந்தது. செடியிடம் போய்ப் பார்த்தேன். ஒன்பது அங்குலக் கட்டை நேராக நின்றுகொண்டிருந்தது. முட்டியைக் காணோம்.

அன்றே சொல்லியிருக்கலாம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் அன்று அவள் அத்தனை நாளைக்கு அப்புறம் சிரித்திருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். இரண்டாவது வாரம் கட்டையிலிருந்து துளிர் வந்தது. மற்றப் பத்துச் செடிகளைவிட வேகமாக, தளதளவென்று வந்தது. போனில் போட்டிருப்பது எல்லாம் வேதவாக்கா, செடிக்குத் தெரியாதா தான் யார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு உள்ளே ஓடி, "பாமா, பியாட்ரிஸ் வந்தாச்சு" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து நானும் நம்பிவிட்டேன்.

நம்பிக்கையை உடைத்தது அப்பாதுரை. பொம்மனஹள்ளியிலிருந்து புதனும் சனியும் வந்து எங்கள் தெருவில் நாலு வீட்டுச் செடிகளைப் பார்த்துக்கொள்பவர். மகள் பிரசவத்துக்காக வேலூர் போனவர் அக்டோபர் கடைசியில்தான் திரும்பினார். வந்ததும் வரிசையைப் பார்த்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கடைசிச் செடியிடம் போய்க் குந்தினார். ரொம்ப நேரம் எழவில்லை.

"சார், இது பியாட்ரிஸம்மா ரோஜா இல்ல. இது அடியில இருந்த காட்டுச் செடி. எலைய எண்ணிப் பாருங்க, ஒரு காம்புல ஏழு கீது. அதுல அஞ்சுதான் இருக்கும்."

"அது மறுபடி வராதா?"

"எப்புடி சார் வரும்? மேல இருந்தத வெட்டிப் போட்டுட்டீங்களே."

வாசல் தொட்டியில் நான் குத்திவைத்த முள் குச்சிகளைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அந்த மாதம் விடாமல் பெய்த மழையில் நாலு குச்சி இன்னும் பச்சையாக இருந்தது. கண்களும் உப்பியிருந்தன. அப்பாதுரைக்கு முகம் தெளிந்தது. அம்மாவிடம் சொல்லுங்கள், அவர்கள் கண் எடுத்து இந்தப் புதுக் கிளையில் ஒட்டிவிடுவார்கள், கிளை இன்னும் கொஞ்சம் பருக்கட்டும், ஆனால் குச்சி ரொம்ப நாள் தாங்காது என்றார். உனக்கு ஒட்டத் தெரியாதா என்று கேட்டேன். தோண்டுவேன், தண்ணி ஊத்துவேன், மருந்தடிப்பேன், அந்த வேலை அம்மாவுக்குத்தான் தெரியும் என்றார். சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

சொல்லவில்லை. அந்த வாரம்தான் அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. சாப்பாடு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கீமோவில் மரத்துப்போன விரல் நுனிகள் சரியாகவே இல்லை. டம்ளரைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதே தெரியாமல் இரண்டு தடவை நழுவவிட்டாள். நிருபமா வாங்கிவைத்த சத்து மாத்திரையை நான் தினம் காலையில் கையில் கொடுப்பேன், "இதுதான் முக்கியமான மாத்திரை" என்று ஒரு வார்த்தையும் சேர்த்து. ஒரு பொய்யை இப்படி ஒழுங்காக நடத்திக்கொண்டிருப்பவனுக்கு இன்னொன்று பாரமாகத் தெரியவில்லை. ஒரு நாள் மத்தியானம் அவள், "பியாட்ரிஸோட இலை ஒண்ணு பறிச்சுண்டு வாங்கோ, பார்க்கணும் போலிருக்கு" என்றாள். நான் போனேன். ஏழு இலைக் காம்பைத் தொட்டேன். பிறகு பக்கத்துச் செடியிலிருந்து ஐந்து இலை உள்ள காம்பாகப் பார்த்துப் பறித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று மெதுவாக எண்ணினாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

புதனும் சனியும் அப்பாதுரை கேட்பார். "சொன்னீங்களா சார்?" நான் இன்னும் இல்லை என்பேன். அவர் தொட்டிக்குப் போய்க் குச்சியைச் சுரண்டுவார். நாலு மூன்றாயிற்று. ஒரு வாரம் மழை நின்று வெயில் அடித்தது, அதில் மூன்று இரண்டாயிற்று. நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை அவர் ஒரே ஒரு குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலுக்கு வந்தார். நுனி கறுத்திருந்தது. அடியில் ஒரு விரற்கடை அளவு மட்டும் பச்சை, அதில் ஒரே ஒரு கண்.

"இதோட சரி சார். இன்னிக்கி இல்லன்னா கிடையாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீங்க சொல்லலன்னா நான் சொல்லிடுவேன். அவங்க என்னத்தான் கேப்பாங்க, ஏண்டா நீயாவது சொல்லலன்னு" என்றார்.

குச்சியை வாங்கிக்கொண்டு ஹாலுக்குப் போனேன். பாமா கஞ்சியைத் தொடாமல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன். நூல், ஒன்பது அங்குலம், கட்டி என்று நினைத்தது, ஆமாம் என்று சொன்னது, ஏழு இலை, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அந்த இலையையும் சொன்னேன். அவள் தலைமாட்டில் இருந்த புத்தகத்தை எடுத்தாள். நடுவில் அந்த இலை காய்ந்து தட்டையாக இருந்தது.

"பாடம் பண்ணி வெச்சேன்" என்றாள். "பூ வர வரைக்கும் இது இருக்கட்டும்னு."

"தப்புதான் பாமா."

"வெட்டினது தப்பு இல்ல. தெரியாம வெட்டினேள். எத்தனை பசங்க என் கிளாஸ்ல தப்பா வெட்டியிருக்கா." இலையை எடுத்து என் மடியில் போட்டாள். "இது என்ன? அஞ்சு இலையா பார்த்து எடுத்துண்டு வந்திருக்கேள். நாப்பத்து நாலு வருஷத்துல உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு நினைச்சுண்டிருந்தேன். முட்டாள்."

முட்டாள் என்று என்னைச் சொன்னாளா, தன்னையே சொல்லிக்கொண்டாளா என்று தெரியவில்லை. அவளை அத்தனை கோபமாக நான் பார்த்ததில்லை. கன்னம் ஒட்டிப்போன முகத்தில் கண் மட்டும் பெரிதாக, சிவந்து என் மேலேயே இருந்தது.

"வேற என்ன மறைச்சு வெச்சிருக்கேள்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமே இல்லியா?"

"இல்ல பாமா."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குச்சிக்காகக் கையை நீட்டினாள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாற்காலியைக் கொண்டு வரச் சொல்லுங்கோ. புது பிளேடு ஒண்ணு. என் டப்பாவுல டேப் இருக்கும்" என்றாள்.

நானும் அப்பாதுரையுமாக அவளைச் சக்கர நாற்காலியோடு இரண்டு படி இறக்கினோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ஏற்றியபோது இருந்த கனம்கூட இல்லை. வெயில் இல்லாத காலை, ஊசித் தூறல். அப்பாதுரை குடையை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். கடைசிச் செடியின் புதுக் கிளை பென்சில் கனத்துக்குப் பருத்து என் இடுப்புக்கு வளர்ந்திருந்தது. பார்க்கிறவர்கள் என்ன செழிப்பு என்பார்கள். பாமா பிளேடை வாங்கினாள். இடது கையால் வலது கையைப் பிடித்துப் பார்த்தாள். பிளேடு விரலிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது. அது விழுந்த பிறகுதான் அவள் குனிந்து பார்த்தாள். "எனக்கு ஆகல்ல" என்றாள் கன்னடமும் தமிழுமாக. "நீங்கதான் பண்ணணும்."

"நானா?"

"வேற யாரு? வெட்டினவர் நீங்கதானே. நூலெல்லாம் வேண்டாம், நான் சொல்ற இடத்துல வெட்டுங்கோ."

உட்கார்ந்தேன். முட்டி வலித்தது. கிளையில் அவள் காட்டின இடத்தில் முதலில் குறுக்கே ஒரு கீறல், அதன் நடுவிலிருந்து கீழே நேராக ஒரு கீறல். தோல் மட்டும் வெட்டுப்பட வேண்டும், உள்ளே கட்டை வரை போகக் கூடாது. "அழுத்தாதேங்கோ. போறும். போறும்னா போறும்." அப்புறம் குச்சியிலிருந்து கண்ணை எடுக்கச் சொன்னாள். கண்ணுக்கு அரை அங்குலம் கீழே பிளேடை வைத்து, மேல்நோக்கித் தோலோடு சீவ வேண்டும். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வேலை நான் செய்ததில்லை. வயலையும் மலையையும் அளந்தவனுக்கு ஒரு நகம் அளவு தோலை எடுப்பதற்குள் வேர்த்துக் கொட்டியது. கண் வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பச்சையாக, ஈரமாக, நடுவில் ஒரு சின்னப் புடைப்பு.

"கையில வெச்சுக்காதேங்கோ, சூட்டுல காஞ்சுடும். உதட்டுல வெச்சுக்கோங்கோ. நான் அப்படித்தான் வெச்சுப்பேன். பல் படக் கூடாது, பேசக் கூடாது. கீறின தோலை ரெண்டு பக்கமும் மெள்ள நிமிர்த்துங்கோ."

கண்ணை இரண்டு உதட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். துவர்ப்பாக இருந்தது. பிளேடின் முதுகால் கிளையின் தோலை நிமிர்த்த ஆரம்பித்தேன். ஒரு பக்கம் சுலபமாக எழும்பிற்று. மறு பக்கம் ஒட்டிக்கொண்டு அடம் பிடித்தது. பின்னால் அவள் பேசிக்கொண்டிருந்தாள். வகுப்பில் பாடம் எடுக்கும் குரல் அது, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்.

"இருபத்தோரு நாள் கட்டு இருக்கணும். அப்புறம் அவிழ்த்துட்டு மேல இருக்கற காட்டுக் கிளையை வெட்டிடணும். அதுக்கப்புறம் இந்தக் கண்ணு முளைச்சு, கிளை விட்டு, மொட்டு வர ரெண்டரை மாசம். மாசி ஆயிடும்."

தோல் நிமிர்ந்தது. கண்ணை எடுக்கக் கையைக் கொண்டுபோனேன்.

"நான் இருப்பேனா?"

கை நின்றுவிட்டது. திரும்பினேன். அவள் கோபமாக இல்லை. நாற்காலிக் கையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, விடை தெரிந்த மாணவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். அப்பாதுரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிற்று. வாயைத் திறந்தால் கண் விழுந்துவிடும், இருப்பதே அது ஒன்றுதான். கண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏன் இப்படியெல்லாம் பேசறே, மாத்திரை சாப்பிடறயே, டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா என்று ஆரம்பித்திருக்கலாம். அந்த வார்த்தைகள் எல்லாம் வரிசையாகத் தொண்டையில் தயாராக நின்றன. என் அப்பாவிடம் சொன்னவை, என் அண்ணாவிடம் சொன்னவை. எனக்கு அழுகை வந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினேன். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இன்னொரு தடவையும் ஆட்டினேன்.

தெருவில் கீரைக்காரம்மா மெந்தியக்கீரை என்று கூவிக்கொண்டு போய் முடிகிற வரை அவள் அப்படியே இருந்தாள்.

"நிருவுக்குத் தெரியுமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எத்தனை நாளா?"

அதற்குத் தலையாட்டிப் பதில் சொல்ல முடியவில்லை. அவளும் காத்திருக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள்.

"சரி, எடுங்கோ. தலைகீழா வெச்சுடாதேங்கோ. கண்ணு மேல பார்த்து இருக்கணும்."

உதட்டிலிருந்து எடுத்தேன். நிமிர்த்திய தோலுக்குள் மேலிருந்து கீழே நுழைத்தேன். இரண்டு தடவை வழுக்கிற்று, மூன்றாவது தடவை உள்ளே இறங்கி உட்கார்ந்தது. இரண்டு பக்கத் தோலையும் மூடினேன். புடைப்பு மட்டும் வெளியே தெரிந்தது. இன்னும் கொஞ்சம் கீழே தள்ளச் சொன்னாள், தள்ளினேன். டேப்பைச் சுற்ற இரண்டு கையும் வேண்டியிருந்தது, முனையைப் பிடிக்க ஆள் இல்லை. அப்பாதுரை குடையோடு குனியப் பார்த்தார். பாமா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நாற்காலியிலிருந்து முடிந்த மட்டும் சாய்ந்தாள். மூச்சு வாங்கிற்று. ஆட்காட்டி விரலை டேப் முனையின் மேல் கொண்டுவந்து வைத்தாள்.

"சுத்துங்கோ."

முதல் சுற்று சுற்றினேன். அவள் தன் விரலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியல. அழுத்திப் புடிச்சுண்டிருக்கேனா பாருங்கோ."

"புடிச்சுண்டிருக்கே" என்றேன். அடுத்த சுற்றை இழுத்தேன். விரல் நகரவில்லை.